வள்ளல் மறுத்த வாக்குரிமை

சென்ற தவணையில் ஒரு நாள் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் வரலாற்றை வகுப்பிற் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கல்லூரிகள் கண்ட வள்ளல், கற்கோயில் எடுத்த அடியார், சிங்கள மக்களுக்காகக் கடல் கடந்து வாதாடிய தீரர் என்று அடுக்கிக்கொண்டே போனேன். பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, தன் பூட்டனுக்கும் பூட்டிக்கும் வாக்குரிமை ஆகாது என்றவரும் இவர்தாமா என்று கேட்டாள். ஆம் என்றேன். ஏன் அப்படிச் செய்தார் என்று மேலும் கேட்டாள். அதற்கு நான் சொன்ன விடை எனக்கே திருப்தி தரவில்லை. அவ்விடையை இங்கே சற்று ஆறுதலாகத் தேடிப் பார்க்க விரும்புகின்றேன்.

இராமநாதன் 1851ஆம் ஆண்டு கொழும்பிலே பொன்னம்பல முதலியாரின் புதல்வராய்ப் பிறந்தார். தாய்மாமனாராகிய சேர் முத்துக்குமாரசுவாமி மறைந்தபின், 1879இல், இருபத்தெட்டாம் வயதிற் சட்டநிரூபண சபையில் தமிழரின் நியமனப் பிரதிநிதியாய் அமர்ந்தார். 1892இல் சொலிசிற்றர் ஜெனரல் ஆனார். 1911இல் படித்த இலங்கையர் தொகுதிக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்தபோது, சிங்கள வாக்காளர் பலரும் ஆதரிக்க வெற்றி பெற்றார். 1915இற் கலகம் மூண்டு இராணுவச் சட்டம் பிறந்தது. அதன் கொடுமைக்கு ஆளான சிங்கள மக்களுக்காகச் சபையிலும் இலண்டனிலும் வாதாடினார். அவர் மீண்டு வந்தபோது சிங்களப் பெருமக்கள் அவருடைய வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர்.

அவருடைய கொடையும் பெரிது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கல்லால் எடுத்தார். 1913இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். 1921இல் திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரியை நிறுவினார். பின்னாளில், 1974இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் அமைந்த இடம் அதுவே.

இத்தகையவர் முன் வந்தது டொனமூர் அறிக்கை. 1927இன் இறுதியில் இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழு, 1928இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதுவரை இந்நாட்டு மக்களில் நூற்றுக்கு நால்வர் அளவினரே வாக்குரிமை பெற்றிருந்தனர். சொத்தும் வருவாயும் கல்வியும் உடைய ஆடவரே அவர்கள். ஆணைக்குழுவோ சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்தது. அதனோடு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழிக்கவும் சொல்லியது. 1929 டிசம்பரிற் சட்டநிரூபண சபை இத்திட்டத்தை 17 வாக்குகளுக்கு எதிராக 19 என்னும் கணக்கில், இரண்டே வாக்கு வேறுபாட்டில் ஏற்றுக்கொண்டது. எதிர்த்து நின்றவருள் தலையாயவர் எழுபத்தெட்டு வயதினரான இராமநாதன்.

அவர் உள்ளத்தில் இருந்தது யாது? அவர் அன்பர்கள் முதலிற் காட்டும் காரணம், சிறுபான்மையோர் அச்சம். அது பொய்யான அச்சமன்று. மேல் மாகாணத்திலே தமிழருக்கு ஓர் ஆசனம் என்று 1918இற் சிங்களத் தலைவர்கள் கொடுத்த உறுதி காற்றிற் போயிற்று. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராய் இருந்த தம்பியார் அருணாசலம், அதனால் மனம் கசந்து 1921இல் அதைவிட்டு விலகினார். அண்ணனார் அதனை மறந்திருப்பாரா? 1936இல் மந்திரிகள் எழுவரும் சிங்களவராகவே அமைந்தமை அவ்வச்சத்துக்குப் பின்வந்த சான்று என்பர்.

ஆயினும் இதனோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்து ஏழைத் தமிழன் பெறும் வாக்கும் தமிழ் வாக்கே. அதனால் தமிழருக்கு நட்டம் என்ன? இராமநாதன் அதனையும் எதிர்த்தார். தாழ்த்தப்பட்ட சாதியார் கையில் வாக்கைக் கொடுத்தால் அது கும்பலாட்சியாய் முடியும் என்றும், இந்து வாழ்க்கை முறைக்கு ஒவ்வாது என்றும் கருதினார். பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பதையும் அவர் விரும்பவில்லை. அதே காலத்தில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசும் டொனமூர் திட்டத்தை எதிர்த்தது. பூரண சுயராச்சியம் அன்று என்பதே அவர்கள் குறை. சாதிக் கொடுமையை எதிர்த்துக்கொண்டே அவர்கள் அதனை எதிர்த்தார்கள். ஆகவே, டொனமூரை மறுப்பதற்கு ஏழையின் வாக்கை மறுக்க வேண்டிய அவசியம் இல்லை.

பதவி ஆசை என்பாரும் உளர். எழுபத்தெட்டு வயதில், தேடிய பொருளைக் கோயிலுக்கும் கல்விக்கும் வழங்கிவிட்டவருக்கு இனி என்ன பதவி வேண்டும்? அதனை நான் ஏற்கமாட்டேன்.

எனக்குத் தோன்றுவது இது. எவரும் வாக்களியாமலே தமிழருக்காகப் பேசத் தொடங்கியவர் அவர். ஐம்பது ஆண்டுகளாகப் பிறருக்காகப் பேசினார்; பிறருக்காகக் கொடுத்தார். தந்தை பிள்ளைகளைக் காப்பதுபோல மக்களைக் காப்பதே தலைமை என்று மனமார நம்பினார். பெண்களுக்குப் பள்ளி கட்டிய கை, பெண்களின் வாக்கைத் தடுக்க நீண்டது இதனாலேதான். பெண்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று அறிந்தவர், அவர்களுடைய கருத்தைக் கேட்கவும் வேண்டும் என்று அறிந்திலர். சாதியைத் தரும ஒழுங்கென்று கொண்டமையால், அந்த நம்பிக்கையில் இருந்த அநீதி அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. அவருடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. அவர் நாடிய மருந்தில் நியாயம் இல்லை. இரண்டும் ஒரே வாக்கினுள் அடங்கிவிட்டன.

1930இல் இலண்டன் வரை சென்று அவர் முறையிட்டும் பயன் விளையவில்லை. அவ்வாண்டு நவம்பர் 26ஆந் திகதி சிவபதம் அடைந்தார். 1931இல் முதலாவது அரசாங்க சபைத் தேர்தல் சர்வசன வாக்குரிமையோடு நடந்தது.

அம்மாணவிக்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். அன்று பின்வாங்கிலிருந்து அவள் வினா எழுந்தபோது நான் ஒரு கணம் சினந்தேன். கேட்பதைக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டியவள் வினாவ எழுந்தாளே என்று நினைத்தேன். இராமநாதரின் குறை எனக்கு எட்டாத தொலைவில் உள்ளதொன்றன்று. அடுத்த தவணையில் 1915ஐப் படிப்பிக்கும் அதே நாளில் 1929ஐயும் படிப்பிப்பேன்.