தனித்து நின்ற ஓவியர் சித்தப்ரசாத்

வங்காளத்தின் நைஹாட்டியில் 1915-ஆம் ஆண்டு பிறந்தவர் ஓவியர் சித்தப்ரசாத். குலத்தைக் காட்டும் பட்டப்பெயரைத் துறந்து இயற்பெயராலேயே அறியப்பட விரும்பினார். 1943-இல் கொடும்பஞ்சம் சூழ்ந்தபோது, பொதுவுடைமைக் கட்சியின் தொண்டராக மேதினிப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, பசியால் வாடியோரைக் கோட்டோவியங்களாகத் தீட்டினார். அவை நூலாக வெளிவந்ததும் ஆங்கில அரசு அதன் 5,000 படிகளைக் கைப்பற்றி அழித்தது.

1946-இல் பம்பாய்க்கு வந்து அந்தேரியில் குடியேறினார். இந்திய மக்கள் நாடக மன்றக் கலைஞர்களோடு சேர்ந்து உழைத்தார். முரசறைபவன் உருவமைந்த அம்மன்றத்தின் சின்னம் அவர் வரைந்ததே. பின்னர்க் கட்சியினின்று விலகித் தனித்து நின்றார். செல்வர் மாளிகைக்கு ஓர் ஓவியம் என்பதினும், எளியோர் இல்லங்களுக்குப் பல படிகள் என்பதே அவர் நோக்கம். ஆகவே தரைவிரிப்பாகப் பயன்படும் மலிவான லினோலியத்தில் உருவங்களைச் செதுக்கி, மேடான பகுதியில் மை தடவித் தாளில் ஒற்றியெடுத்தார். உழைத்து வாடும் சிறுவரையும் அவ்வாறே சித்திரித்தார். சேரிச் சிறுவர்க்காகப் பாவைக்கூத்தும் நடத்தினார்.

வறுமை இறுதிவரை அவரை விடவில்லை. 1978-இல் மறைந்தார். அழிக்கப்பட்ட நூலின் ஒரு படி மட்டும் குடும்பத்தார் காவலில் எஞ்சியிருந்தது. அதைக் கொண்டு 2011-இல் நூல் மீண்டும் அச்சேறியது. பிழைப்பை நாடி ஊர் பெயர்ந்து வந்த நாம், நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டு வந்து, கொள்கையை விலை பேசாது வாழ்ந்த அப்பெரியாரை நினைவில் இருத்துதல் தகும்.