அல்பிரட் வேர்ணர்: பொருளறிந்து பெயரிட்ட பேரறிஞர்

பெயர்களை இடுகுறியென்றும் காரணமென்றும் வகுத்தனர் நம் இலக்கண நூலோர். காரணத்திலும் மேலோட்டமானதும் ஆழமானதும் உண்டு. ஒரு பொருளின் புறத்தோற்றங் கண்டு இடும் பெயர் ஒன்று. அதன் அகவமைப்பை ஆராய்ந்து இடும் பெயர் மற்றொன்று. இரசாயனவியலில் இவ்விரண்டாம் வகைப் பெயருக்கு வழிவகுத்தவருள் அல்பிரட் வேர்ணர் தலைசிறந்தவராவர்.

அல்சாசு மாகாணத்து முல்கவுசு நகரில் 1866ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆந் திகதி வேர்ணர் பிறந்தார். அந்நாளிற் பிரான்சுக்குரியதாயிருந்த அம்மாகாணம் 1871இற் செருமனியின் ஆட்சிக்குட்பட்டது. சுவிற்சர்லாந்தின் சூரிச்சு நகரிற் பயின்று 1890இற் கலாநிதிப் பட்டம் பெற்ற வேர்ணர், பின்னர் பாரிசு சென்று பேர்தலோ என்னும் பேரறிஞரிடம் சிலகாலம் ஆராய்ச்சி செய்து மீண்டார்.

அக்காலத்துக் கோபாற்றுக் குளோரைட்டும் அமோனியாவுஞ் சேர்ந்த சேர்வைகள் அறிஞரைப் பெரிதும் மயக்கின. ஆறு அமோனியா கொண்டது மஞ்சள். ஐந்து கொண்டது செந்நீலம். நான்கு கொண்டது பச்சை. இந்நிறங்களைக் குறிக்கும் இலத்தீன், கிரேக்கச் சொற்களையே அவற்றிற்குப் பெயராக இட்டனர். வேறு சில உப்புக்கள் மக்னசு, சைசே எனக் கண்டவர் பெயரையே தாங்கின. இம்முறை நெடிது நிலைக்கவில்லை. செந்நீலச் சேர்வையையொத்த உரோடியச் சேர்வை கிடைத்தபோது அதற்கும் செந்நீலமென்றே பெயரிட்டனர். அதன் நிறமோ மஞ்சள்! பெயரே பொருளை மறைக்குந் திரையாயிற்று.

இருபத்தாறு வயதினரான வேர்ணர் 1893இற் புதுக் கொள்கையொன்றை வெளியிட்டார். இரவு இரண்டு மணிக்கு விழித்தெழுந்து, மாலை வரை ஓயாதெழுதி அதனை முடித்தாரென்பர். நடுவணுவாகிய கோபாற்றைச் சூழ எண்முகியொன்றின் ஆறு மூலைகளில் ஆறு கூட்டங்கள் நேரே பிணைந்திருக்கும். எஞ்சியவை புறத்தே அயன்களாக நிற்கும். இதுவே அக்கொள்கையின் சாரம். வெள்ளி நைத்திரேற்றுச் சேர்த்தால் மஞ்சட் சேர்வையின் மூன்று குளோரீனும், செந்நீலத்தில் இரண்டும், பச்சையில் ஒன்றும் வீழ்படிவதன் காரணம் இதனால் விளங்கிற்று.

இவ்வமைப்பிலிருந்தே பெயரும் பிறந்தது. அகத்தே பிணைந்தவற்றை எண்ணிக்கையோடு முதலிற் கூறி, அடுத்து உலோகத்தைக் கூறி, புறத்தே நிற்பதை இறுதியில் வைத்தார் வேர்ணர். மஞ்சட் சேர்வை, எக்சாஅம்மீன் கோபாற்றிக் குளோரைட்டு ஆயிற்று. உலோகத்தின் வலுவளவை அவர் ஈற்றுயிரெழுத்தாற் காட்டினார். பின்னர் அல்பிரட் இசுற்றொக் வகுத்த உரோம இலக்கம் அவ்விடத்தைப் பெற்றது. சர்வதேச இரசாயனச் சங்கத்தார் 1940இல் வெளியிட்ட விதிகளும் வேர்ணரின் வழியையே தழுவின. பிற்காலத் திருத்தங்கள் பலவாயினும் அடிப்படை மாறவில்லை.

எனினும் அமைப்புப் பிழையாயின் பெயரும் பொய்யாகிவிடுமன்றோ? கொப்பனேகன் நகரத்து யோர்கென்சன் என்னும் முதுபேராசிரியர் இக்கொள்கையை வன்மையாக மறுத்தார். எண்முகி உண்மையாயின் பச்சைச் சேர்வைக்கு மற்றொரு வடிவமும் இருத்தல் வேண்டும், அதுவோ கிடைத்திலது. பதினான்கு ஆண்டுகளின் பின், 1907இல், ஊதா நிறத்ததாகிய அச்சேர்வையை வேர்ணர் ஆக்கிக் காட்டினார். யோர்கென்சனும் பெருந்தன்மையோடு தம் மறுப்பைக் கைவிட்டார். 1911இல் தம் மாணவர் விக்டர் கிங்கின் துணையோடு, இடக்கையும் வலக்கையும் போன்ற இருவகைக் கோபாற்றுச் சேர்வைகளை வேர்ணர் வேறு பிரித்தார். அவ்வியல்பு காபனால் வந்ததென ஐயுற்றார்க்கு, 1914இற் காபனே இல்லாத சேர்வையொன்றிலும் அதனைக் காட்டி விடையளித்தார். இவற்றினிடையே, 1913இல், நோபல் பரிசு அவரை நாடி வந்தது.

ஓயாவுழைப்பினர்க்கு நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை. நோயுற்று நலிந்து, 1919ஆம் ஆண்டு நவம்பர் 15ஆந் திகதி, ஐம்பத்து மூன்றாம் பிராயம் நிறையுமுன்னே அவர் மறைந்தார்.

இச்சேர்வைகளின் நீண்ட பெயர்களைக் கண்டு மாணவர் மலைத்தல் இயல்பே. நாம் அவர்க்குக் கூறுவது ஒன்றுண்டு: அப்பெயரை நெட்டுருச் செய்யற்க, பிரித்துப் பொருள் காண்க. நடுவில் நிற்பது யாது, அதனைச் சூழ்ந்தவை எத்தனை, புறத்தே நிற்பது எது என்பவெல்லாம் அதனுள்ளேயே அடங்கியுள்ளன. ஒருவர் இருபதாண்டு உழைத்து மெய்யாக்கிய சொல் அது.