கடலை வீட்டுக்குள் கொண்டுவந்தவரும் வெறுமையான கரையும்

கிளிநொச்சி நகரத்துக்குச் சற்று வெளியே கட்டப்பட்டுவரும் ஒரு வீட்டின் மண்டபச் சுவரில் எட்டடி நீளத்துக்கு இடைவெளி விடப்பட்டிருக்கிறது. மேசன்மார் முதலில் அதைப் பெரிய யன்னல் என்று நினைத்தார்களாம். உண்மையில் அங்கே வரப்போவது ஒரு கடற்தொட்டி. வீட்டுக்காரர் எனக்குத் தூரத்து உறவு. அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, ஐரோப்பாவில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியவர். சின்ன வயதில் பார்த்த கடலடியை வீட்டுக்குள் இருந்தே பார்க்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

தொட்டி எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். கொள்ளளவு ஏறத்தாழ 1,400 லீற்றர். நீரின் எடை மட்டும் ஏறக்குறைய ஒன்றரைத் தொன் வரும் என்பதால், சுவரின் அடியில் தனியாகக் கொங்கிறீற் போட்டிருக்கிறார். முல்லைத்தீவுக் கடல் ஐம்பது கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. பவுசரில் கடல்நீர் அள்ளிவரும் எண்ணம் அவருக்கு இல்லை. வன்னியில் இப்போது குடிதண்ணீருக்காக ஊருக்கு ஊர் இருக்கிறதே, அதுபோன்ற வடிகட்டும் இயந்திரத்தில் எடுத்த நீரில் உப்பைக் கரைக்கப்போகிறார். ஒரு லீற்றருக்கு 35 கிராம் என்று கணக்குப் பார்த்தால், ஒரு சீமெந்து மூட்டையின் எடைக்கு உப்பு வேண்டும்.

நான் போன அன்று அண்ணை ஒரு யோசனையில் இருந்தார். உயிருள்ள முருகைக்கல்லைக் கடலில் இருந்து எடுத்துத் தருவதாக ஒருவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். விலையும் பேசியாயிற்று. எடுப்பதா விடுவதா என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கடலை வீட்டில் வைக்கும் இந்த வழக்கத்தைத் தொடக்கியவர்கள் யார், அவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் என்னைப் பிலிப் ஹென்றி கொஸ் என்ற மனிதரிடம் கொண்டுபோய் விட்டது.

கொஸ் 1810 ஏப்ரல் 6ஆம் திகதி இங்கிலாந்தின் வூஸ்ரர் நகரில் பிறந்தவர். தகப்பன் ஊர் ஊராகப் போய்ச் சிறிய உருவப்படங்கள் வரைந்து விற்ற ஓவியர். வீட்டில் காசு கிடையாது. குடும்பம் பூல் என்ற துறைமுக ஊருக்குக் குடிபெயர்ந்ததால், பிள்ளைக்குக் கடற்கரை கிடைத்தது. பாறைகளில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரியும் கடற்சாமந்தி என்ற உயிரினத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர், இயற்கையில் நாட்டமுள்ள ஒரு மாமி.

17 வயதில் கனடாப் பக்கம் உள்ள நியூபவுண்லாந்துத் தீவுக்கு ஒரு வணிகக் கொம்பனியின் எழுதுவினைஞராகக் கப்பலேறினார். அங்கே எட்டு வருடங்கள். ஓய்வு நேரத்தில் பூச்சிகளைச் சேர்த்து, நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பார்த்து வரைந்தார். பிறகு கனடாவில் விவசாயம் செய்து தோற்றார். 1838இல் அமெரிக்காவின் அலபாமாவில் பள்ளிக்கூடம் நடத்தினார். பருத்தித் தோட்டங்களில் அடிமைகள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டு மனம் பொறுக்காமல் மறுவருடமே இங்கிலாந்து திரும்பினார். 1844இல் ஜமேக்காவுக்குப் போய்ப் பறவைகளையும் பிற உயிரினங்களையும் சேகரித்தார். அந்த வேலையில் சாமுவேல் காம்பல் என்ற கறுப்பின இளைஞரின் கண்ணும் கையும் இருந்தன. கொஸ் அதை மறைக்காமல் தன் புத்தகங்களில் எழுதிவைத்தார்.

பல்கலைக்கழகப் படி ஏறாத ஒருவர் எழுதியே பிழைத்தார். 1848இல் எமிலியைத் திருமணம் செய்தார். மறுவருடம் எட்மண்ட் என்ற மகன் பிறந்தான். இருவரும் கடுமையான மதப்பற்று உள்ளவர்கள். ஓய்வில்லாத எழுத்து வேலையால் உடம்பு முடியாமல்போக, 1852இல் குடும்பத்தோடு டெவன் கடற்கரைக்குப் போனார். அவர் பெயரை நிலைக்கச் செய்த வேலை அங்கேதான் தொடங்கியது.

கடல் உயிரினங்களைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்தவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். சிசிலியில் வாழ்ந்த ஜான் வில்ப்ரே பவர் என்ற பெண் 1832இலேயே கண்ணாடித் தொட்டி செய்து ஒருவகை ஒக்டோபசை ஆராய்ந்தார். 1846இல் ஆனா தின் என்ற லண்டன் பெண், டெவனில் இருந்து பவளங்களைக் கல்சாடியில் கொண்டுவந்து வீட்டில் வளர்த்தார். நீரில் ஒட்சிசன் குறையாமல் இருக்க, வேலைக்காரப் பெண் ஒருத்தி தினமும் திறந்த யன்னலருகே நின்று அந்த நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் ஊற்றிக்கொண்டிருந்தாளாம். இன்று மின் மோட்டர் செய்வதை அன்று ஒரு பெண்ணின் கை செய்தது.

அந்தக் கையின் வேலையைத் தாவரத்திடம் கொடுக்கலாம் என்பதுதான் புதிய கண்டுபிடிப்பு. உயிரினங்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டைத் தாவரம் எடுத்துக்கொண்டு, ஒட்சிசனைத் திருப்பித் தரும். அளவு சரியாக இருந்தால் நீரை அடிக்கடி மாற்றவேண்டியதில்லை. ரொபர்ட் வொறிங்ரன் என்ற வேதியியலாளர் 1850இல் நன்னீரில் இதைக் காட்டினார். கொஸ் தன் பங்குக்குக் கடற்பாசிகளை வைத்துக் கடல்நீரில் செய்துபார்த்தார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலை பொதுமக்களுக்கான முதல் மீன்காட்சியகத்தைத் திறந்தபோது, அதற்கு உயிரினங்களைச் சேர்த்து அனுப்பியவர்களில் அவர் முக்கியமானவர். அடுத்த வருடம் அவருடைய புத்தகம் வந்தது. பெயர் ‘அக்குவேரியம்’. இந்தச் சொல் உலகமெங்கும் பரவியதற்கு அந்தப் புத்தகமே பெருங்காரணம்.

கடலில் இருந்து தொலைவில் இருப்பவர்கள் என்ன செய்வது? அதற்கும் அதே காலத்தில் அவர் ஒரு செய்முறை எழுதினார். கறியுப்பு, மகனீசியம் சல்பேற்று, மகனீசியம் குளோரைட்டு, பொற்றாசியம் குளோரைட்டு என நான்கு உப்புகளை அளந்து நன்னீரில் கரைப்பது, முதலில் பாசியை வைப்பது, நீர் பழகியபின் உயிரினங்களை விடுவது. அண்ணை வாங்கிவைத்திருக்கும் உப்பு மூட்டைகளின் பூட்டன் இந்தச் செய்முறைதான். கொஸ் விட்டுவிட்ட கல்சியம் இன்றைய கலவையில் இருக்கிறது. பவளம் தன் கல்லைக் கட்டுவதே அதிலிருந்துதான்.

காலமும் அவருக்குக் கைகொடுத்தது. கண்ணாடி மீதான வரியைப் பிரித்தானியா 1845இல் நீக்கியிருந்தது. ரயில்பாதை கடற்கரைகளை எட்டியிருந்தது. ‘அக்குவேரியம்’ நன்றாக விற்றது. 1855இல் கொஸ் கடற்கரைக்கு ஆட்களைக் கூட்டிச்சென்று வகுப்பும் நடத்தினார். கல்லுளியாலும் சுத்தியலாலும் கடற்சாமந்தியைப் பாறையோடு பெயர்ப்பது எப்படி, ஈரம் காயாமல் கொண்டுபோவது எப்படி என்று கற்றுக்கொடுத்தார். நடுத்தர வர்க்கத்து வீடுகளில் கடற்தொட்டி இல்லாவிட்டால் குறை என்ற நிலை வந்தது. லண்டனில் கடல் உயிரினங்களுக்கென்றே கடை திறந்தார்கள்.

1857 பெப்ரவரியில் எமிலி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். மகனுக்கு வயது ஏழு. அதே வருடம் கொஸ், கடவுள் உலகத்தைப் படைத்தபோதே அதைப் பழையதுபோலப் படைத்தார் என்று வாதிடும் ஒரு புத்தகம் எழுதினார். தன் விசுவாசத்தையும் பாறைகளின் வயதையும் ஒன்றாக்கிவிடலாம் என்று நம்பினார். விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை, மதத்தவர்களும் ஏற்கவில்லை. மனைவியையும் மதிப்பையும் ஒரே வருடத்தில் இழந்தவர், மகனையும் கூட்டிக்கொண்டு நிரந்தரமாக டெவனுக்குப் போனார். வற்றுக்கடல் நேரங்களில் இருவரும் பாறைக்குழிகளுக்குள் இறங்கி நின்றார்கள். பிரித்தானியாவின் கடற்சாமந்திகள் அத்தனையையும் வண்ணப் படங்களோடு விவரித்து அவர் 1858 முதல் 1860 வரை வெளியிட்ட நூல் அப்படிப் பிறந்தது.

அதே பாறைக்குழிகள்தான் அவருடைய பெரிய துயரமும். அவருடைய புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு, உளியும் கூடையுமாகக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். பெயர்த்தவற்றில் பெரும்பகுதி வீட்டுத் தொட்டிகளில் சில நாட்களில் செத்தது. செத்ததற்குப் பதிலாக மறுபடி வந்து பெயர்த்தார்கள். மனிதக் கை படாமல் இருந்த குழிகள் சில வருடங்களில் வெறும் பாறையாயின. மகன் எட்மண்ட் வளர்ந்து பெரிய எழுத்தாளராகி, தகப்பனைப் பற்றி 1907இல் வெளியிட்ட நூலில் இந்த அழிவைப் பதிவுசெய்திருக்கிறார். இப்படி நடக்கும் என்று தகப்பன் நினைத்திருக்கவில்லை, நடந்ததைக் கண்டு மிகவும் வருந்தினார் என்கிறார். 1860களில் அந்த மோகம் தணிந்தது. கொஸ் பிற்காலத்தில் ஓர்கிட் வளர்த்தார், நுண்ணுயிர்களை ஆராய்ந்தார். 1888 ஓகஸ்ட் 23ஆம் திகதி டெவனிலேயே இறந்தார்.

அவர் பேராசைக்காரர் இல்லை. அந்த உயிர்களை அவரளவுக்கு நேசித்தவர்கள் அன்று குறைவு. ஒருவர் எடுப்பதைக் கடல் தாங்கியது. ஆயிரம்பேர் எடுப்பதை அதனால் தாங்கமுடியவில்லை. சங்கையும் கடலட்டையையும் எங்கோ இருக்கும் சந்தைக்காக அள்ளிக் கொடுத்த எங்கள் கரைகளுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல.

இலங்கையிலும் இந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் உதவி அத்தியட்சகராக இருந்த ரொட்னி ஜொங்க்ளாஸ், 1950களில் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கோடு எங்கள் தீவின் கடலடிகளில் சுழியோடியவர். உயிருள்ள கடல் மீன்களைச் சேகரிப்பது எப்படி என்று 1975இல் ஒரு நூலும் எழுதினார். அழகு மீன் ஏற்றுமதி இன்று இலங்கையில் நிலைத்துவிட்ட தொழில். ஆனால் வன்பவளத்தை எடுப்பது விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நாங்கள் கண்ட காரணங்கள் இருக்கின்றன. 1998இல் கடல் சூடேறியபோது கற்பிட்டியிலும் ஹிக்கடுவையிலும் பவளங்கள் வெளிறிப் பெருமளவில் செத்தன. 2004 சுனாமியில், பவளம் காக்கப்பட்ட ஹிக்கடுவையைவிட, சுண்ணாம்புக்காகப் பவளம் அகழப்பட்ட பெரலியப் பக்கம் கடல் பல மடங்கு உள்ளே போனதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அந்த அலையில் ஒரு ரயிலே அள்ளுண்டு போனது. அதே அலை முல்லைத்தீவில் என்ன செய்தது என்று அண்ணைக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இந்தக் கதையை அவருக்குச் சொன்னபோது இடையில் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை, முருகைக்கல் தருவதாகச் சொன்னவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அறிவித்தார். தொட்டியைக் கைவிடவில்லை. கடலில் இருந்து எடுக்காத, செயற்கையாக வார்த்த பாறைகளை அடுக்கப்போகிறார். பண்ணையில் குஞ்சு பொரித்த கோமாளி மீன்கள் மட்டும். தொட்டியிலேயே துண்டு வெட்டி வளர்த்த பவளம் சட்டப்படி கிடைத்தால் பிறகு பார்க்கலாம் என்கிறார். வன்னி வெயிலில் நீரை 26 பாகைக்குள் வைத்திருக்கக் குளிரூட்டியும், மின்சாரம் போனால் இயங்க ஒரு ஜெனரேற்றரும் வந்துவிட்டன.

கடைசியாக நான் போனபோது கண்ணாடி பொருத்தி, நீர் நிரப்பியிருந்தார்கள். மீன் விட இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் முதலில் பாறையில் குடியேறவேண்டும். அவசரப்பட்டால் மீன் சாகும். கொஸ்ஸின் வாசகர்கள் பலருக்கு இல்லாமல்போன பொறுமை அது. மண்டபத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த அண்ணையின் அம்மா, இவ்வளவு காசு செலவழித்து வெறும் தண்ணியையா பார்க்கிறது என்று கேட்டார். பொறுங்கோ அம்மா என்றுவிட்டு, அண்ணை உப்பின் அளவைப் பார்க்கப் போனார்.