பணி செய்து தலைவரானவர்

கொங்கு நாட்டின் ஆலைகளைக் காண்போர் பொறிகளையே பெரிதும் வியப்பர். அவற்றை இயக்கும் மாந்தரை நடத்தும் திறனோ பொறியினும் அரிது. இன்று வணிகவியல் மாணவர் மனிதவள மேலாண்மை என்னும் பெயரால் பயிலும் இக்கலையைத் தொழிலிடத்தே பயின்றவர் ஜி. டி. நாயுடு.

இவர் 1893ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் தோன்றினார். ஏட்டுக் கல்வியில் மனம் பற்றவில்லை. மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு வேட்கையுற்று, கோவையில் உணவு விடுதிப் பணியாளராய் அமர்ந்து பொருளீட்டி அதனை வாங்கினார். உறுப்புறுப்பாகப் பிரித்து அதன் நுட்பமும் உணர்ந்தார். 1920இல் ஒரே பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதுவே யு. எம். எஸ். என்னும் பெருநிறுவனமாய்த் தழைத்தது.

ஏவல் கேட்டு வளர்ந்தவராதலின் ஏவலரை மறந்திலர். 1944இல் அத்தொழிலினின்று ஒதுங்குங்கால் ஊழியர் நலத்திற்கும் ஆராய்ச்சிக்கும் பொருளுதவி அறிவித்தார். அவர் கொடையால் எழுந்த ஆர்தர் ஹோப் பொறியியற் கல்லூரிக்கு 1945இல் முதல்வராயிருந்தார். நான்காண்டுப் பாடத்தை இரண்டாண்டில் கற்பிக்கலாம் என வாதிட்டார். அரசு இசையாமையின் பதவியைத் துறந்தார். அக்கல்லூரியே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் மறைந்தார்.

பணியாளாய் இருந்தறியாதவன் பணியாளரை நடத்த அறியான். நம் ஆண்டவர் காட்டிய பணிவிடை நெறியும் அதுவன்றோ? கற்ற ஆண்டுகளை எண்ணிப் பட்டம் பெறும் நாம், கற்ற தொழில் யாதென ஒருகால் நம்மையே வினவிக்கொள்வோமாக.