மின்சாரத்தைச் சேமித்தவர்

மின்கம்பிகள் எட்டாத காலத்தில், நெகிரி செம்பிலான் தோட்டங்களின் பல லயன் வீடுகளில் கார் பேட்டரியால்தான் வானொலி ஒலித்தது. பேட்டரி தீர்ந்தால் பட்டணத்துக் கடையில் கொடுத்து மின்னேற்றி வருவார்கள். தீர்ந்த பேட்டரியை மீண்டும் மின்னேற்றும் வழியைக் கண்டறிந்தவர் காஸ்தோன் பிளாண்டே.

இவர் 1834ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ஓர்தெஸ் நகரில் பிறந்தார். 1854இல் பாரிஸ் நகரில் இயற்பியல் உதவி விரிவுரையாளரானார். மறு ஆண்டே, அழிந்துபோன ஒரு பெரும்பறவையின் எலும்புப் படிவத்தை அந்நகருக்கு அருகில் கண்டெடுத்தார். அப்பறவைக்கு அவர் பெயரையொட்டிக் காஸ்தோர்னிஸ் எனப் பெயரிட்டனர்.

அக்கால மின்கலங்கள், உள்ளிருக்கும் வேதிப்பொருள் தீர்ந்ததும் மின்சாரம் தருவதை நிறுத்திவிடும். 1859இல் பிளாண்டே, இரண்டு ஈயத் தகடுகளுக்கு இடையே ரப்பர் பட்டைகளை வைத்துச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். மின்சாரத்தைச் செலுத்தியபோது அக்கலம் அதனைச் சேமித்தது; தீர்ந்தபின் மீண்டும் ஏற்றுக்கொண்டது.

ஆயினும், புதிய தகடுகள் மிகக் குறைந்த மின்சாரத்தையே சேமித்தன. மின்னேற்றுவது, இறக்குவது, ஓய்வளிப்பது எனப் பிளாண்டே அதே வேலையை மீண்டும் மீண்டும் செய்தார். தகடுகளின் மேற்பரப்பு மெல்ல மெல்ல நுண்துளைகள் மிக்கதாகியது, கொள்ளளவும் வளர்ந்தது. டைனமோ பரவாத அக்காலத்தில், மின்னேற்றுவதற்கு வேறு மின்கலங்களையே செலவிட வேண்டியிருந்தது. இருந்தும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1881இல் கமீல் ஃபோர் என்பவர் தகடுகளில் ஈய ஆக்சைடு பசையைப் பூசி, இவ்வேலைக்கான காலத்தைப் பெரிதும் குறைத்தார்.

மின்னேற்றும் நேரத்தைக் கணக்கிடுவது எளிது. கொள்ளளவை மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். 60 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரிக்கு 6 ஆம்பியர் செலுத்தினால் 10 மணி நேரமாகும். இழப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 12 மணி நேரம் பிடிக்கும். 30 ஆம்பியர் செலுத்தினால் 2 மணி நேரம் போதும் என்று கணக்குக் காட்டும். ஆனால், பேட்டரி சூடேறும், தகடுகள் கெடும், நீர் பிரிந்து, எளிதில் வெடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளியாகும். ஆகவே, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டமே இவ்வகைப் பேட்டரிக்குப் பொதுவாக ஏற்றது.

பிளாண்டே ஆய்வோடு நின்றுவிடவில்லை. 1860 முதல், பொதுமக்களின் கல்விக்காக நிறுவப்பட்ட சங்கமொன்றில் இயற்பியல் பேராசிரியராகவும் பணியாற்றினார். 1889இல் அவர் மறைந்தார். இன்றும் தோட்டத்தில் செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லாரி காலையில் உறுமிக் கிளம்புவது, அவர் வழிவந்த ஈய அமிலப் பேட்டரியின் துணையால்தான்.