ராபர்ட் ஹூக்

ஸ்பிரிங்கை இழுத்தால் அது திருப்பி இழுக்கும். அமுக்கினால் திருப்பித் தள்ளும். குழந்தையும் அறிந்த இவ்விஷயத்தை அளந்து விதியாக்கியவர் ராபர்ட் ஹூக். அவ்விதியை உலகெங்கும் மாணவர்கள் ஒப்புவிக்கின்றனர். அவருடைய சரித்திரத்தை அறிந்தவரோ சிலரே.

1635-ம் வருஷம் இங்கிலாந்தின் ஒயிட் தீவில் ஒரு பாதிரியாரின் குமாரராகப் பிறந்தார். பதின்மூன்றாம் பிராயத்தில் தந்தையை இழந்து லண்டன் சேர்ந்தார். ஆக்ஸ்போர்டில் ராபர்ட் பாயிலுக்கு உதவியாளராகிக் காற்றுப் பம்பை அமைத்துக் கொடுத்தார். 1662-ல் ராயல் சொசைட்டியின் பரிசோதனைகளை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1665-ல் நுண்பெருக்கிக் கண்ணாடியில் கண்டவற்றைச் சித்திரங்களுடன் 'மைக்ரோகிராபியா' என்ற நூலாக வெளியிட்டார். மறு வருஷம் லண்டன் தீக்கிரையாகவே, நகரை மீண்டும் நிர்மாணிக்க நிலம் அளந்தவர்களில் ஒருவரானார்.

ஸ்பிரிங் விதியைப் பிறர் கவராதிருக்க, 1676-ல் எழுத்துக்களைக் கலைத்துப் புதிராக அச்சிட்டார்; 1678-ல் விடையை வெளியிட்டார். எடை இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும் என்பதே அதன் சாரம்.

இங்கேதான் மாணவர்கள் தடுமாறுகின்றனர். தொங்கும் எடை இழுக்கும் பக்கமும் ஸ்பிரிங் நீளும் பக்கமும் ஒன்றே. ஆகவே ஹூக் அளந்த விகிதத்தில் கழித்தல் குறிக்கு இடமில்லை. ஸ்பிரிங் திருப்பித் தரும் விசையோ எதிர்ப்பக்கமானது. கீழ்நோக்கியதைக் கூட்டல் எனக் கொண்டால், ஸ்பிரிங் கீழே நீண்டிருக்கையில் அதன் விசை மேல்நோக்கியது, கழித்தல். மேலே அமுக்கப்பட்டிருக்கையில் இடப்பெயர்ச்சி கழித்தல், விசை கூட்டல். மேல்நோக்கியதைக் கூட்டல் என்று வைத்தாலும் இவ்வெதிர்மை மாறாது. கழித்தல் குறி விசையின் சிறுமையைக் காட்டுவதன்று; திசையைக் காட்டுவது. ஹூக் தம் நூலுக்கு மீட்கும் வலிமை என்று பொருள்படவே பெயரிட்டார். அக்குறியின் தத்துவம் அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

பிற்காலம் கசப்பாயிற்று. 1686-ல் நியூட்டனின் பெருநூல் அச்சுக்கு ஆயத்தமானபோது, தூரத்தின் வர்க்கத்திற்கேற்ப ஈர்ப்பு குறையும் என்ற கருத்தில் தமக்கும் பங்குண்டென்று ஹூக் முறையிட்டார், நியூட்டன் இணங்கவில்லை. ஊகித்தவர் பலர், கணிதத்தால் நிரூபித்தவர் நியூட்டனே. ஆயினும் ஹூக்கின் கடிதங்கள் அவர் சிந்தனையைத் தூண்டின என்பதை மறைப்பது நீதியாகாது. 1703-ல் ஹூக் காலமானார். அவ்வருஷமே நியூட்டன் ராயல் சொசைட்டியின் தலைவரானார். ஹூக்குடையதென்று ஐயமறச் சொல்லத்தக்க உருவப்படம் ஒன்றேனும் இன்று இல்லை.

படம் இல்லாவிடினும் விதி இருக்கிறது. ஆசிரியர்கள் சூத்திரத்தை உருப்போடச் செய்யுமுன், எப்பக்கம் கூட்டல், எது எதை இழுக்கிறது என்று அம்புக்குறி இடப் பழக்குவார்களாக. ஹூக்குக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.