ஜாக் கூஸ்தோ: ஒரு ரெகுலேட்டரில் தொடங்கிய கடல் வாழ்க்கை

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியாகவும், திரைப்பட இயக்குநராகவும், பின்னாளில் கடல் பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்தவராகவும் அறியப்பட்ட ஜாக் இவ் கூஸ்தோ 1997 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆம் திகதி பாரிஸில் காலமானார். சிவப்புக் கம்பளித் தொப்பி அணிந்த அந்த மெலிந்த மனிதரைத் தொலைக்காட்சி வழியாக உலகின் பெரும்பகுதி அறிந்திருந்தது. ஆனால் அவரது புகழுக்கு அடித்தளமாக அமைந்தது முதுகுக்குப் பின்னால் பொருத்தப்படும் ஒரு சிறிய உலோகக் கருவி. அதை வடிவமைத்த பொறியியலாளரின் பெயர் சுழியோடிகளின் வட்டத்துக்கு வெளியே இன்றும் அதிகம் தெரியாது.

கூஸ்தோ 1910 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆம் திகதி, பிரான்ஸின் போர்தோ நகருக்கு அருகிலுள்ள சாந்த்ரே த குப்ஸாக் என்ற சிற்றூரில் பிறந்தார். 1930 இல் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்த அவர் ஆக விரும்பியது விமானி. 1936 இல் நிகழ்ந்த கார் விபத்தில் கைகள் முறிந்ததால் அந்த வாய்ப்புப் பறிபோனது. கைகளுக்கு வலுவூட்ட துலோன் துறைமுகத்தை ஒட்டிய கடலில் நீந்திவந்த அவருக்கு, சக அதிகாரியான ஃபிலிப் தாயியே நீர் புகாத கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். நீருக்கடியில் கண்ட உலகம் அதன்பின் அவரை விடவில்லை.

அக்காலத்தில் கடலடிக்குச் செல்ல மூன்று வழிகளே இருந்தன. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்போரைப் போல மூச்சடக்கி இறங்கலாம். கனத்த தலைக்கவசம் அணிந்து, மேலே நிற்கும் படகிலிருந்து குழாய் வழியே வரும் காற்றை நம்பி நடக்கலாம். அல்லது சிலிண்டரில் காற்றையோ பிராணவாயுவையோ எடுத்துச் செல்லலாம். மூன்றாவது வழிதான் கூஸ்தோவைக் கவர்ந்தது. ஆனால் பிரெஞ்சு அதிகாரி இவ் லெ பிரியூர் உருவாக்கியிருந்த கருவியில் காற்று இடைவிடாமல் வெளியேறியதால் சிலிண்டர் விரைவில் தீர்ந்துபோனது. தூய பிராணவாயுவைக் கொண்டு கூஸ்தோ செய்த சோதனைகள் இரு தடவைகள் அவரை வலிப்புக்கு ஆளாக்கி மரணத்தின் விளிம்புக்கே கொண்டு சென்றன. அழுத்தம் கூடும்போது பிராணவாயுவே நஞ்சாகிறது என்பதை அவர் தன் உடலில் கற்றுக்கொண்டார்.

சுழியோடி மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும், அவர் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தரும் கருவி தேவைப்பட்டது. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அந்த அளவுக்குக் காற்றின் அழுத்தமும் கூடாவிட்டால் மார்பால் மூச்சிழுக்கவே முடியாது. இந்தத் தத்துவம் புதியதல்ல. 1860களிலேயே ரூக்கேரோல், தெனேருஸ் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கையாண்டிருந்தனர். ஆனால் அதிக அழுத்தத்தில் காற்றை அடைக்கக்கூடிய சிலிண்டர்கள் அன்று இல்லாததால் அவர்களது கருவி அதன் உரிய பயனை அடையவில்லை.

இங்குதான் குடும்ப உறவும் போரும் குறுக்கிடுகின்றன. கூஸ்தோ 1937 இல் மணந்த சிமோன் மெல்கியோரின் தந்தை, எயார் லிக்கீட் என்ற பெரும் வாயு நிறுவனத்தின் உயர் நிர்வாகி. அவர் வழியாக 1942 டிசம்பரில் அந்நிறுவனத்தின் பொறியியலாளர் எமில் கன்யானை கூஸ்தோ சந்தித்தார். ஜெர்மனிய ஆக்கிரமிப்பின் கீழ் பெற்றோல் தட்டுப்பாடு நிலவியதால் கார்களை வாயுவில் ஓட்டுவதற்கான ஒரு வால்வை கன்யான் அப்போது உருவாக்கியிருந்தார். எஞ்சின் கேட்கும் அளவு மட்டுமே வாயுவை விடும் வால்வு அது. நமது சமையலறை வாயு சிலிண்டரின் தலையில் இருக்கும் ரெகுலேட்டருக்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். எஞ்சினின் இடத்தில் மனித நுரையீரலை வைப்பதே எஞ்சியிருந்த வேலை.

1943 ஜனவரியில் பாரிஸுக்கு அருகே மார்ன் ஆற்றின் குளிர்ந்த நீரில் கூஸ்தோ முதற்கருவியைச் சோதித்தார். கிடையாக நீந்தும்போது அது நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் மூச்சிழுப்பதே கடினமாயிற்று. காரணம் எளிமையானது. காற்றைத் திறந்துவிடும் ரப்பர்த் தகடு ஓரிடத்திலும், வெளிமூச்சு வெளியேறும் வாசல் வேறொரு மட்டத்திலும் இருந்தன. ஒரு சாண் உயர வேறுபாட்டின் நீரழுத்தமே கருவியைக் குழப்பப் போதுமானதாக இருந்தது. வெளிமூச்சைத் தனிக் குழாய் வழியாகத் திரும்ப முதுகுக்கே கொண்டுசென்று, ரப்பர்த் தகட்டின் பக்கத்திலேயே வெளியேற்றுவது என இருவரும் முடிவு செய்தனர். பழைய படங்களில் சுழியோடியின் வாயிலிருந்து இரு தோள்களின் மேலாகவும் செல்லும் இரண்டு மடிப்புக் குழாய்கள் அப்படி வந்தவை.

அவ்வாண்டு கோடையில் பந்தோல் கடற்கரைப் பகுதியில் கூஸ்தோ, தாயியே, ஃப்ரெடெரிக் டூமா ஆகிய மூவரும் நூற்றுக்கணக்கான தடவைகள் இறங்கினர். ஒக்டோபரில் டூமா 60 மீட்டரையும் தாண்டினார்.

நாடு பிளவுபட்டிருந்த காலம் அது. கூஸ்தோ இத்தாலியருக்கு எதிரான உளவு நடவடிக்கையில் பங்கேற்றதற்காகப் பின்னர் கௌரவிக்கப்பட்டார். அவரது அண்ணன் பியர் அந்துவானோ நாஜி ஆதரவுப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். 1946 இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அது பின்னர் குறைக்கப்பட்டு 1954 இல் விடுதலையானார். கடற்படைச் சீருடையில் நீதிமன்றம் சென்று அண்ணனுக்காகச் சாட்சியம் அளித்தவர் கூஸ்தோ. கடல்களின் நாயகனைப் பற்றிய பல வரலாறுகள் இந்த அத்தியாயத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன.

கருவியும் தன் விலையை வாங்கியது. 1946 ஆகஸ்டில் வோக்ளூஸ் நீரூற்றின் குகைக்குள் இறங்கிய கூஸ்தோவும் டூமாவும் மயங்கும் நிலையில்தான் மேலே வந்தனர். காற்று நிரப்பும் இயந்திரம் தனது புகையையே உறிஞ்சி, சிலிண்டர்களை கார்பன் மோனாக்சைடால் மாசுபடுத்தியிருந்தது. அடுத்த ஆண்டு ஆழச் சோதனை ஒன்றில், ஏறத்தாழ 120 மீட்டர் ஆழம்வரை சென்ற கடற்படைச் சுழியோடி மோரிஸ் ஃபார்க் உயிரிழந்தார். முதல் சம்பவத்தில் பழுது காற்றில் இருந்தது; இரண்டாவதில் மனித உடலின் எல்லை மீறப்பட்டது. வால்வு இரண்டிலும் குற்றவாளி அல்ல.

எயார் லிக்கீட் 1946 இல் லா ஸ்பிரோதெக்னிக் என்ற துணை நிறுவனத்தை நிறுவிக் கருவியை விற்பனைக்கு விட்டது. முதல் மாதிரியின் பெயர் சி.ஜி. 45. கூஸ்தோ, கன்யான் ஆகிய இரு பெயர்களின் முதலெழுத்துகள் அதில் சமமாக நின்றன. ஆனால் கன்யான் 1947 இல் கனடாவின் மொன்ரியலுக்குக் குடிபெயர்ந்து ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து உழைக்க, கூஸ்தோ கமராவின் முன் நின்றார். பெயர் யாரிடம் சேரும் என்பது அங்கேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. அதேவேளை, கூஸ்தோவின் பிடிவாதமும் சோதனைகளும் இல்லாதிருந்தால் கன்யானின் வால்வு கார்களோடு மறக்கப்பட்டிருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

கருவி உலகெங்கும் பரவியது. 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலை சுவாமிப் பாறையின் அடியில், போர்த்துக்கேயர் 1620களில் இடித்த கோணேசர் ஆலயத்தின் எச்சங்களைக் கடலுக்குள் கண்டதும் இவ்வகைக் கருவிகளின் துணையுடன்தான்.

முன்னாள் கண்ணிவாரிக் கப்பலான கலிப்சோ 1950 இல் கூஸ்தோவின் கைக்கு வந்தது. 1956 இல் லூயி மாலுடன் இணைந்து எடுத்த திரைப்படம் கான் விழாவின் உயர் விருதையும் ஒஸ்கார் விருதையும் வென்றது. அதே படத்தில் பவளப்பாறை வெடிவைத்துத் தகர்க்கப்படுகிறது. சுறாக்கள் அடித்துக் கொல்லப்படுகின்றன. இரு ஆண்டுகளுக்கு முன்னர் கலிப்சோ பாரசீக வளைகுடாவில் எண்ணெய் தேடும் பணியைக் கூலிக்குச் செய்திருந்தது. கடலைக் காக்க வந்தவராக கூஸ்தோ பிறக்கவில்லை. தான் திறந்துவிட்ட கதவின் விளைவுகளைப் பார்த்துப் படிப்படியாக மாறினார். 1960 இல் மத்தியதரைக் கடலில் கதிரியக்கக் கழிவைக் கொட்டும் பிரெஞ்சுத் திட்டத்தை எதிர்த்தார், அது கைவிடப்பட்டது. அண்டார்க்டிகாவில் கனிமம் தோண்டுவதற்கு எதிராக அவர் நடத்திய கையெழுத்து இயக்கம், அதற்குத் தடை விதித்த 1991 ஆம் ஆண்டின் மட்ரிட் உடன்படிக்கைக்கு வலுச்சேர்த்தது. இதற்கிடையே 1979 இல் மகன் ஃபிலிப் விமான விபத்தில் இறந்தார். 1996 ஜனவரியில் சிங்கப்பூரில் பாரப்படகு ஒன்று மோதி கலிப்சோ மூழ்கியது. அதற்கடுத்த ஆண்டு கூஸ்தோவும் மறைந்து, பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இரட்டைக் குழாய் ரெகுலேட்டர்களின் ஆதிக்கம் அதற்கு வெகுகாலம் முன்பே முடிந்திருந்தது. மெல்பேர்னில் டெட் எல்ட்ரெட் 1952 இல் வெளியிட்ட ஒற்றைக் குழாய்க் கருவி, காற்றைத் தரும் வால்வை வாயருகே கொண்டுவந்து மார்ன் ஆற்றின் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. இன்றைய கருவிகள் அந்த வழியில் வந்தவை. ஆயினும் 1955 இன் மிஸ்ட்ரால், 1958 இன் அக்வா மாஸ்டர் போன்றவற்றைப் பல நாடுகளிலும் ஆர்வலர்கள் இன்னும் பயன்படுத்துகின்றனர். குமிழிகள் முகத்தின் முன் அல்லாமல் தலைக்குப் பின்னால் எழுவதால் மீன்களைப் படம் எடுப்போருக்கு அவை பிடிக்கும். இரட்டைச் சிலிண்டரின் நடுவே, முதுகெலும்பின் மேல் தாழ்வாக அமரும்போது அவை மிகச் சீராக இயங்குகின்றன. கழுத்துவரை உயர்ந்துவிட்டால் கன்யான் சந்தித்த அதே உயர வேறுபாடு திரும்பிவந்து மூச்சைக் கனமாக்கும்.

பித்தளை அரை நூற்றாண்டு தாங்கும், ரப்பர் தாங்காது. ரப்பர்த் தகடு, வாத்தின் அலகு போன்ற வெளிமூச்சு வால்வு, மடிப்புக் குழாய்கள் ஆகியவற்றை மாற்றாமல் பழைய கருவியை நீரில் இறக்குவது தற்கொலைக்கு ஒப்பானது. மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் ஊசித்துளை ஒன்றே குழாயை நிரப்பிவிடும். இன்று சிலிக்கோனில் செய்த மாற்றுப் பாகங்கள் கிடைக்கின்றன. வாய்ப்பகுதியில் ஒருவழி வால்வுகளைப் பொருத்தினால், நழுவி நீர் புகுந்தாலும் ஒரே ஊதலில் வெளியேற்றிவிடலாம். இரு கட்ட ரெகுலேட்டரைப் பூட்டியபின் இடைநிலை அழுத்தத்தை மானி கொண்டு பார்ப்பதும் கட்டாயம். முள் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனால், உயர் அழுத்த வால்வின் இருக்கை தேய்ந்துவிட்டது என்று பொருள்.

பெரிய குறை வேறொன்று. அன்றைய கருவிகளில், எஞ்சிய காற்றைக் காட்டும் மானிக்கோ, ஆபத்தில் துணைவருக்குக் கொடுக்கும் இரண்டாவது வாய்ப்பகுதிக்கோ பெரும்பாலும் இணைப்பு இல்லை. அதற்கென வாசல்கள் கொண்ட புதிய உடற்பாகங்கள் சில மாதிரிகளுக்குச் செய்யப்படுகின்றன. பழைய பித்தளையில் கைவைக்க மனமில்லாதோர், இரண்டு வெளிவாசல் கொண்ட இணைப்புக் குழாயால் சிலிண்டர்களை இணைத்து, ஒன்றில் பழைய ரெகுலேட்டரையும் மற்றதில் நவீன ஒற்றைக் குழாய்க் கருவியையும் பூட்டுகின்றனர். அன்றைய சிலிண்டர்கள் ஏறத்தாழ 150 பார் அழுத்தத்துக்கு நிரப்பப்பட்டன. 200 பாரும் அதற்கு மேலும் வழக்கமாகிவிட்ட இன்றைய சிலிண்டரில் பழைய கவ்வியைப் பூட்டும் முன் அதன் தாங்குதிறனை உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது.